வாயிற்பலகை

பிறர் இல்லத்துட் புகுவோர் மிதியடியை வாயிலிற் கழற்றிவிட்டுப் புகுதல் நம் நாட்டு வழக்கம். அதனைக் கட்டளையிடும் சட்டம் ஒன்றுமில்லை. வீட்டுக்குரியவர் வாய்விட்டுக் கேட்பதும் அரிது. மிதியடி நமது, பொருள் கொடுத்து வாங்கியது, வீதியில் அதனை அணிந்து செல்வதைத் தடுப்பார் ஒருவருமிலர். ஆயினும் வீடு நமதன்று என்னும் ஒன்றே அதனைக் கழற்றுதற்குப் போதிய காரணமாகின்றது. இச்சிறிய உண்மை கைத்துப்பாக்கிக்கும் பொருந்துமா என்னும் வினா, கடல் கடந்த நாடொன்றில் எமக்கு எதிர்ப்பட்டது. அன்று யாம் நடந்துகொண்ட விதம் எமக்குப் பெருமை தருவதன்று. எனினும் அதனை ஒளியாது கூறினாலன்றி வினாவின் அருமை விளங்காதாதலின், நம் கல்லூரி அன்பர்கட்கு நடந்தவாறே எழுதத் துணிந்தோம்.

2023-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மூன்று திங்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்ஸாஸ் மாகாணத்தில் எம் சிற்றன்னையின் மகனுடைய இல்லத்திற் தங்கியிருந்தோம். அவர் ஹூஸ்டன் நகரை அடுத்த ஓரூரில் பலசரக்குக் கடை நடத்துபவர். புழுங்கலரிசி, நல்லெண்ணெய், பெருங்காயம், முருங்கைக்காய், ஊறுகாய் என நம்மவர் நாவிற்கு வேண்டுவன யாவும் அங்குக் கிடைக்கும். நம்மவரே அன்றி, கொத்தமல்லி வாங்க மெக்ஸிகோ நாட்டுப் பெண்டிரும், மஞ்சளும் சீரகமும் வாங்க அவ்வூர் வெள்ளையரும் வருவதுண்டு. சும்மா இருத்தற்கு மனமின்றி, பிற்பகல் வேளைகளில் கல்லாவில் அமர்ந்து பணம் வாங்கிப் போடும் பணியை யாம் ஏற்றுக்கொண்டோம். பள்ளியினின்று திரும்பும் தம்பியின் மகள் எம் அருகிலமர்ந்து பாடம் எழுதுவாள்.

யாம் அதுகாறும் துப்பாக்கியைக் கண்டதெல்லாம் வங்கியின் வாயிலில், முதிய காவலர் ஒருவருடைய தோளிலேதான். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் பெறாதார் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். பெற்றவரும் தேர்தற் காலத்தில் அதனைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் பணிக்கப்படுவதுண்டு. ஆதலின் துப்பாக்கி என்றால் அரசாங்கத்தின் பொருள் அல்லது கள்வரின் பொருள் என்னும் எண்ணமே எம் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. காய்கறி வாங்க வரும் ஒரு கிழவருடைய இடுப்பில் அஃது இருத்தல் கூடும் என்பதை யாம் செய்தித்தாளிற் படித்திருந்தோமேயன்றி உணர்ந்திலோம்.

ஒரு நாள் வெயில் சற்று மிகுதி. நரைத்த தலையினராகிய வெள்ளையர் ஒருவர் உள்ளே வந்து எம்மை நோக்கித் தலையசைத்துவிட்டு, மசாலைப் பொருள்கள் அடுக்கியிருந்த பக்கம் சென்றார். அவர் திரும்புகையில் அரைக்கச்சில் தோலுறையும், அதனின்று நீண்டு நின்ற கைத்துப்பாக்கியின் பிடியும் எம் கண்ணிற் பட்டன. நெஞ்சு திடுக்கிட்டது. குழந்தையைப் பின்கட்டுக் கிடங்கிற்குள் ஓடுமாறு கூறினோம். பின்னர் எழுந்து நின்று, கடையிலுள்ளோர் அனைவரும் திரும்பிப் பார்க்குமாறு, "துப்பாக்கியுடன் இங்கு நிற்கலாகாது, வெளியே செல்லும்!" என்று உரத்த குரலிற் கூவினோம். ஒரு தாய் தன் மகனைப் பற்றி இழுத்துக்கொண்டு அரிசி மூட்டைகளுக்கு அப்பால் ஒதுங்கினாள்.

அவர் சினந்தாரல்லர். இரு கைகளையும் இடுப்பினின்று விலக்கி யாவருங் காணுமாறு வைத்துக்கொண்டார். "வாயிலிற் பலகை ஒன்றும் கண்டிலேன், ஐயா, கண்டிருந்தால் இதனுடன் வந்திரேன்" என்று கூறி, எடுத்த மஞ்சட்பொடியை அதன் இடத்திலேயே வைத்துவிட்டு வெளியேறினார். சில நிமிடங்களில் வெறும் இடையினராய்த் திரும்பி வந்தார். மஞ்சளும் சீரகமும் எடுத்தார். பணத்தை எண்ணி எம் முன் வைத்தார். "நீர் என்னை மெல்லக் கேட்டிருந்தாலே போதுமானது" என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லிச் சென்றார். எம் கை மீதிச் சில்லறையைக் கொடுக்கும்பொழுது நடுங்கியது. அந்நடுக்கம் அச்சத்தினாலா, நாணத்தினாலா என்பதை இன்றும் யாம் பிரித்தறியகில்லோம்.

இரவில் தம்பியிடம் இதனைக் கூறினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அண்ணா, அவர் நான்கு ஆண்டுகளாக நம் கடைக்கு வருபவர். அத்துப்பாக்கியும் நான்கு ஆண்டுகளாக வருகின்றது. பிற நாள்களில் மேலங்கி அதனை மறைத்திருக்கும். இன்று வெயிலுக்கு மேலங்கியை விட்டு வந்திருப்பார். அவரிடம் அதற்குரிய லைசென்சும் உண்டு" என்றார். முந்திய வாரங்களில் இருமுறை அவருக்குப் புன்முறுவலுடன் பொருள் கொடுத்தது எம் நினைவிற்கு வந்தது. அவரும் அவரே, துப்பாக்கியும் அதுவே, கண்ணிற் பட்டது ஒன்றே வேறுபாடு. எம் அச்சம் துப்பாக்கியைப் பற்றியதா, அதன் தோற்றத்தைப் பற்றியதா என்னும் ஐயம் அன்றிரவு எம்மை உறங்கவொட்டவில்லை.

நிற்க, அம்மாகாணத்தின் சட்டத்தைத் தம்பி எமக்கு விளக்கியவாறு ஈண்டுக் கூறுவோம். 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, வேறு சட்டத்தடை இல்லாதவர் லைசென்ஸ் இன்றியே கைத்துப்பாக்கி கொண்டு செல்லலாம். வெளியில் தெரியுமாறு கொள்வோர் அதனை உறையிலிட்டிருத்தல் வேண்டும். ஆனால் தனியார்க்குரிய இடத்தில் அதற்கு இடங்கொடுப்பதும் மறுப்பதும் உடையவர் விருப்பம். மறுப்பவர் வாய்மொழியாகச் சொல்லலாம். அன்றேல் வாயிலில் பலகை மாட்டலாம். பலகையோ ஒன்றன்று, மூன்று. லைசென்ஸ் பெற்றவர் மறைத்துக் கொணர்வதைத் தடுக்கத் தண்டனைச் சட்டத்தின் 30.06-ஆம் பிரிவுப் பலகை. அவரே வெளிப்படையாகக் கொணர்வதைத் தடுக்க 30.07-ஆம் பிரிவுப் பலகை. லைசென்ஸ் இல்லாதவரைத் தடுக்க 30.05-ஆம் பிரிவுப் பலகை. ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், பின்புலத்தினின்று வேறுபட்ட நிறத்தில், ஓர் அங்குலத்திற்குக் குறையாத உயரமுள்ள எழுத்துகளில், யாவருங் காண அவை அமைதல் வேண்டும். பலகையைக் கண்டும் புகுந்தவர்க்கு 200 டாலர் வரையில் அபராதம்; நேரிற் சொல்லியும் வெளியேறாதவர்க்குத் தண்டனை அதனினும் கடிது. பலகையும் இன்றிச் சொல்லும் இன்றி இருக்கும் கடையிலோ அவர் புகுந்தது குற்றமன்று. ஆகவே எம் கிழவர் சட்டத்தை எள்ளளவும் மீறியவரல்லர். கேட்ட கணத்திலேயே வெளியேறியமையால், அதனை முற்றும் போற்றியவருமாவர்.

அந்நாட்டார் ஏன் இவ்வாறு கடைக்கும் துப்பாக்கி கொண்டு செல்ல விழைகின்றனர் என்று நம்மவர் வியப்பர். யாமும் வியந்தோம். அதற்கு விடை அதே மாகாணத்துக் கிலீன் என்னும் ஊரில் உள்ளது. 1991-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் அவ்வூர் உணவுச்சாலை ஒன்றின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு மோட்டார் வண்டியுடன் உட்புகுந்த ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கு உணவருந்திக்கொண்டிருந்த சுசானா ஹப் என்னும் பெண்மணி, கைத்துப்பாக்கியை உடன் கொண்டு செல்வதை அக்காலச் சட்டம் தடுத்தமையால், தம்முடையதை வண்டியிலேயே விட்டு வந்திருந்தார். கண்ணெதிரே நிற்கும் கொலைஞனைத் தடுக்கக் கருவியின்றி நின்ற அவர், தந்தையையும் தாயையும் அன்று ஒருங்கே இழந்தார். பின்னர்ச் சட்டமன்றங்கள்தோறும் சென்று சாட்சி கூறினார். தாமே டெக்ஸாஸ் சட்டமன்ற உறுப்பினருமானார். 1995-இல் அம்மாகாணம் லைசென்ஸ் பெற்றோர் மறைவாகத் துப்பாக்கி கொள்ளலாம் என விதி செய்தது. 2016 முதல் லைசென்ஸ் பெற்றோர் அதனை வெளிப்படையாகவும் கொள்ளலாயினர்.

இனி மற்றொரு புறம். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் அதே டெக்ஸாஸின் எல் பாஸோ நகரத்து வால்மார்ட் அங்காடியில் ஒருவன் புகுந்து சுட்டான். காயமுற்று மாதக்கணக்கிற் போராடி இறந்தவரையும் சேர்த்து மாண்டவர் 23 பேர். அங்கும் 23, இங்கும் 23. முன்னதனின்று, "எம் கையிலும் துப்பாக்கி இருந்திருந்தால்!" என்னும் குரல் எழுந்தது. பின்னதனின்று, "துப்பாக்கியுடன் எம் கடைக்கு வாரற்க" என்னும் குரல் எழுந்தது. இரண்டும் துயரத்தின் குரல்களே. ஒன்றை அறிவென்றும் மற்றொன்றை மடமையென்றும் எளிதிற் கூறிவிடுவார், அவ்விரு ஊர்களிலும் பிணக்குவியல் கண்டாரல்லர்.

எல் பாஸோவிற்குப் பின் ஐந்தாம் நாள், மிஸ்ஸூரி மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து வால்மார்ட் ஒன்றில் இளைஞன் ஒருவன் கவசம் பூண்டு, நீள்துப்பாக்கியும் கைத்துப்பாக்கியும் ஏந்தி நுழைந்தான். தன் உரிமையை அக்கடை மதிக்கின்றதா எனச் சோதிக்கவே வந்ததாகப் பின்னர்க் கூறினான். மக்கள் சிதறி ஓடினர். அவன் ஒரு குண்டும் சுடவில்லை. ஆயினும் ஓடியவர்க்கு அதனை அறிய வழியாது? செப்டம்பர் 3-ஆம் நாள் வால்மார்ட் நிறுவனத்தார், சட்டம் இடங்கொடுக்கும் மாகாணங்களிலும் துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தித் தம் கடைகளுக்கு வரவேண்டாவென வாடிக்கைக்காரரை வேண்டிக்கொண்டனர். மறைவாக உரிமத்துடன் கொணர்வதை அவர்கள் மறுக்கவில்லை. இதற்கு முன்னரே, 2013-இல் ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகளின் தலைவர் ஹோவர்டு ஷூல்ட்ஸ், துப்பாக்கியுடன் வரவேண்டாவென ஒரு திறந்த கடிதம் வரைந்தார். 2014-இல் டார்கெட் அங்காடியாரும் அவ்வாறே வேண்டினர். இவை வேண்டுகோள்கள், தடைகள் அல்ல. தடை விதித்தால் ஆயுதந் தாங்கியவரை எதிர்நின்று தடுக்கும் சுமை கடைப் பணியாளர் தலையில் விழும் என்பது ஷூல்ட்ஸ் கூறிய காரணம். அச்சுமை எத்தகையது என்பதைக் கல்லாவின் பின் நின்று ஒருமுறை சுமந்தவராதலின், யாம் அதனை நன்கறிவோம்.

துப்பாக்கி காக்கும் என்பார்க்கும் சான்று உண்டு. கெடுக்கும் என்பார்க்கும் சான்று உண்டு. 2022-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் இண்டியானா மாகாணத்துக் கிரீன்வுட் அங்காடி மன்றத்தில் ஒருவன் மூவரைக் கொன்றபொழுது, அங்கிருந்த 22 வயது இளைஞர் தம் கைத்துப்பாக்கியால் அவனை வீழ்த்தி, மேலும் பலர் இறவாதவாறு காத்தார். அவ்வங்காடியின் விதியோ ஆயுதம் கொணரலாகாது என்பது! மற்றொன்று 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் ஐடஹோ மாகாணத்தில் நிகழ்ந்தது. வால்மார்ட் ஒன்றில் தாயின் கைப்பையினுள் இருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுக்க, அது வெடித்துத் தாய் மாண்டாள். அவளும் லைசென்ஸ் பெற்றவளே. இவற்றை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கித் தராசு தூக்கினால் வழக்குத் தீராது என்பது எம் துணிபு. துப்பாக்கி நன்றோ தீதோ என்பது வேறு வினா. பிறருடைய கடையில் அதனைப் பற்றிச் சொல்லத் தக்கவர் யார் என்பதே நம் வினா.

1791-இல் அமெரிக்க அரசியற் சட்டத்திற் சேர்ந்த இரண்டாந் திருத்தம் ஆயுதம் தாங்கும் உரிமையைக் கூறுகின்றது. அது தனி மனிதர்க்குரிய உரிமையே என 2008-இலும், வீட்டிற்கு வெளியேயும் செல்லும் என 2022-இலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் அஃது அரசாங்கத்தின் கையைக் கட்டும் உரிமை. கடைக்காரர் கையைக் கட்டுவதன்று. ஆதலின் கடைக்காரர் "வேண்டா" எனில் வேண்டாதான், இதில் வழக்கில்லை. அவர் ஒன்றும் சொல்லாதிருந்தால்? அங்கேதான் முடிச்சு விழுகின்றது. டெக்ஸாஸில் உடையவரின் மௌனம் சம்மதமாகின்றது. நியூயார்க் மாகாணம் 2022-இலும் ஹவாய் 2023-இலும் இதனைத் தலைகீழாக்கி, உடையவர் வெளிப்படையாக இசைந்தாலன்றித் துப்பாக்கியுடன் புகலாகாது என விதித்தன. நியூயார்க்கின் விதி, பொதுமக்கட்குத் திறந்த இடங்களைப் பொறுத்த அளவில், நீதிமன்றத்தால் தடுக்கப்பட்டது. ஹவாயின் விதியைப் பற்றிய வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கேட்க ஏற்றுக்கொண்டது. வெளியார்க்கு இது சொற்போராகத் தோன்றும். உண்மையில் இது, முதலில் வாய்திறக்க வேண்டியவர் கடைக்காரரா, வருபவரா என்னும் போராட்டம்.

வாய்திறப்பது எளிதன்று. "பலகை ஏன் மாட்டவில்லை?" என்று யாம் வினவியபொழுது தம்பி கூறிய விடை எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. "அண்ணா, நான் இவ்வூரில் வந்தேறி. என் பேச்சே என்னைக் காட்டிக்கொடுக்கும். பலகை மாட்டினால் வருபவரில் எவர் வாராதொழிவர், எவர் மனத்திற் கறுவுவர் என்பதை யான் அறியேன். மாட்டாவிடினோ, உங்களைப் போல அஞ்சுவோர் வாராதொழிவர். இரண்டிலும் இழப்பு என்னுடையதே" என்றார். பெருநிறுவனங்கள் ஒரு கடிதத்தால் முடிக்கும் காரியத்தைச் சிறுகடைக்காரர் தம் முகத்தை முன்வைத்துச் செய்ய வேண்டியிருக்கின்றது. மௌனம் சம்மதம் என விதிக்கும் சட்டம் இதனையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

மற்றோர் எண்ணமும் எம்மை வருத்திற்று. "என் கடை, என் வாயில்" என்னும் சொல்லுக்கு அந்நாட்டில் இழிந்ததொரு வரலாறும் உண்டு. 1960-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், வுல்வொர்த் கடையின் உணவு மேடையில் நான்கு கறுப்பின மாணவர்கள் உணவு மறுக்கப்பட்டு அசையாது அமர்ந்தனர். 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமே அத்தகைய மறுப்புக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை கண்ட நம் நாட்டார் இதனை அறியாதவரல்லர். ஆகவே உடையவரின் உரிமை எல்லையற்றதன்று. ஆயினும் தோலின் நிறத்தை வண்டியில் விட்டு வர எவராலும் இயலாது. துப்பாக்கியை விட்டு வர இயலும். முன்னதைத் தடுப்பது மனிதரையே தடுப்பது; பின்னதைத் தடுப்பது ஒரு பொருளைத் தடுப்பது. இவ்வேற்றுமை தெளிந்தால் பலகைக்கு நாண வேண்டுவதில்லை.

ஆனால் பலகையில்லாத இடத்தில் அச்சமே சட்டமாகிவிடுகின்றது. அச்சமோ எல்லாரையும் ஒப்ப நோக்குவதன்று. 2014 ஆகஸ்டில் ஒஹாயோ மாகாணத்துப் பீவர்கிரீக்கில், வால்மார்ட் அங்காடியின் அடுக்கிலிருந்து விற்பனைக்குரிய காற்றுத் துப்பாக்கி ஒன்றை எடுத்துக் கையிற் கொண்டு நடந்த கறுப்பின இளைஞர் ஒருவர், எவரோ தொலைபேசியில் முறையிட, வந்த காவலராற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒஹாயோ வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்த இடங்கொடுக்கும் மாகாணம். எம் கிழவர் கறுப்பினத்தவராக இருந்திருந்தால் யாம் கூவியதோடு நின்றிருப்போமா, தொலைபேசியை எடுத்திருப்போமா? இவ்வினாவை எம்மை நாமே கேட்டுக்கொண்டோம். விடை எமக்கு உவப்பாக இல்லை.

ஒரு வாரம் ஆராய்ந்தபின் தம்பி பலகை மாட்டினார். கடையின் கண்ணாடிக் கதவிலோ இடமில்லை. இட்லி மாவு கிடைக்கும் என்பதும், இசை வகுப்பு, வாடகைக்கு அறை என்பனவும் முன்னரே அதனை நிறைத்திருந்தன. அவற்றுட் சிலவற்றை அகற்றி, 30.05, 30.07 ஆகிய இரண்டை மட்டும் ஒட்டினார். லைசென்ஸ் பெற்றவர் மறைத்துக் கொணர்வதற்கு அவர் தடை சொல்லவில்லை. "மூன்றாவதையும் மாட்டுக" என்றோம். "காணாததைக் காவல் செய்ய என்னால் இயலாது, அண்ணா, அவரைப் போன்றோர் நான்கு ஆண்டுகள் வந்து ஒரு தீங்கும் செய்திலர்" என்றார். யாம் உடன்பட்டிலோம். காணாததும் உள்ளதே என்பதை அன்றைய நாளே எமக்குக் கற்பித்தது. ஐடஹோவின் குழந்தை எடுத்ததும் காணாததையே. எனினும் கடை அவருடையது. மிதியடியைக் கழற்றச் சொல்வதும் சொல்லாதொழிவதும் வீட்டுக்குரியவர் பொறுப்பு என்று தொடங்கிய யாம், விருந்தினராய் அமர்ந்து அவர்க்கு ஆணையிடுதல் முறையன்று எனப் பேசாதிருந்தோம்.

எம் பயணத்திற்கு நான்கு நாள் இருக்கையில் அக்கிழவர் மீண்டும் வந்தார். குளிர் மிகுந்திருந்தமையின் மேலங்கி அணிந்திருந்தார். கதவருகே நின்று இரு பலகைகளையும் முற்றப் படித்தபின்னரே உள்ளே வந்தார். யாம் எழுந்து நின்று, "அன்று யான் பேசியது தவறு, பொறுத்தருள்க" என்றோம். அவர் பலகைகளைச் சுட்டி, "இப்பொழுது எல்லாம் தெளிவாக இருக்கின்றது" என்றார். மேலங்கியின் கீழ் என்ன இருந்தது என்பதை யாம் கேட்டிலோம், அவரும் கூறிலர். மஞ்சட்பொடியைப் பையிலிட்டுக் கொடுத்தோம். எம் கை அன்று நடுங்கவில்லை. அச்சம் ஒழிந்ததனாலன்று, அவரிடம் சொல்ல வேண்டியதைக் கதவு முன்னரே சொல்லிவிட்டதனால்.

அன்பர்காள், உரிமைகளைப் பற்றிப் பேசுவது கல்லூரியில் எளிது. இரண்டு உரிமைகள் ஒரே வாயிற்படியில் எதிர்ப்படும்பொழுதுதான் அவற்றின் கனம் தெரிகின்றது. அப்பொழுது கொண்டுவருபவர் உடையவரின் விருப்பத்தைப் போற்றுதல் கடன். உடையவர் தம் விருப்பத்தை வாய்விட்டும் எழுத்தாலும் தெரிவித்தல் கடன். எழுத்து ஓரங்குல உயரம் இருத்தல் வேண்டும் என அந்நாட்டுச் சட்டம் விதித்ததைக் கண்டு முதலில் யாம் நகைத்தோம். இப்பொழுது நகைப்பதில்லை. யாம் அன்று கூவிய கூவலுக்கு ஈடாக அக்கதவில் நிற்பவை அவ்வோரங்குல எழுத்துகளே.